ஏரிக்கரைச் சாலையில் இத்தனை ஏற்றமா?

கேள்வி: எனக்கு 49 வயது. தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை. பல ஆண்டுகளாக ஞாயிறுதோறும் மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குச் சைக்கிளில் போய்த் திரும்புகிறேன். நூறு கிலோமீட்டர் எனக்குப் பெரிய தூரமாகத் தோன்றியதில்லை. சென்ற ஆகஸ்டில், கனடாவில் இருக்கும் என் மைத்துனருடன் சுப்பீரியர் ஏரியின் கரையோரமாகச் சூ செயின்ட் மேரியிலிருந்து தண்டர் பே வரை சுமார் 700 கி.மீ. போகத் திட்டமிட்டோம். முதல் நாள் குறையில்லை. இரண்டாம் நாள் மாண்ட்ரியல் ரிவர் என்ற இடத்திலிருந்து வாவா என்ற ஊருக்கு 115 கி.மீ. போக வேண்டும். ஏற்றம், இறக்கம், மறுபடியும் ஏற்றம். பாதி வழியில் வலது முழங்காலின் முன்பக்கம் வலிக்கத் தொடங்கியது. மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போயின. எழுபது கிலோமீட்டர் தாண்டியதும் கை நடுங்கி, காரணமே இல்லாமல் கண்ணீர் வந்து, சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். காலையில் ஓட்ஸ் கஞ்சி குடித்ததுதான். வழியில் கடையே இல்லை. மைத்துனர் ஒரு பிக்கப் வண்டியை நிறுத்தி என்னை ஏற்றிவிட்டார். அவருக்கு வயது 34; அவர் பயணத்தை முடித்தார். எனக்கு இன்றும் அவமானமாக இருக்கிறது. வரும் ஜூலையில் மறுபடி போக விரும்புகிறேன். ‘இந்த வயதில் வேண்டாம்’ என்கிறார் மனைவி. வயதுதான் காரணமா? மலையே இல்லாத வடசென்னையில் இருந்துகொண்டு மலை ஏறப் பழகுவது எப்படி? முழங்கால் இப்போது படி இறங்கும்போது மட்டும் வலிக்கிறது. மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டலாமா? தேவைப்படுமோ என்று இதையும் எழுதுகிறேன்: சைக்கிளில் பெடலோடு சுற்றும் பல் சக்கரங்களில் 50, 34 பல், பின்னால் உள்ளவற்றில் பெரியது 28 பல். நான் 72 கிலோ, சைக்கிள் 14 கிலோ, சுமை 24 கிலோ.

பதில்: அன்புள்ள தண்டையார்பேட்டை வாசகருக்கு,

‘தேவைப்படுமோ’ என்ற தயக்கத்தோடு நீங்கள் கடைசியில் எழுதிய பல் கணக்கும் எடைக் கணக்கும்தான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமானவை. அந்த நாள் ஏன் அப்படி முடிந்தது என்பதில் பெரும்பகுதி அங்கே இருக்கிறது. இயன்முறை மருத்துவராக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: 49 வயது காரணம் இல்லை. ஐம்பதை நெருங்கும்போது உச்ச வலு சற்றுக் குறையும், களைப்பிலிருந்து மீள ஒரு நாள் கூடுதலாகும், அவ்வளவுதான். வாரம்தோறும் நூறு கிலோமீட்டர் ஓட்டும் உடலை அந்தச் சிறு குறைவு சாலையோரத்தில் உட்கார வைக்காது. ஜூலையில் நீங்கள் போகலாம். ஆனால் சென்ற முறை போன அதே சைக்கிளோடும், அதே சாப்பாட்டோடும், அதே நாள் திட்டத்தோடும் போகக் கூடாது.

அதற்கு முன் ஒரு நிபந்தனை உண்டு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மலைப் பயிற்சியைத் தொடங்குமுன் ஒரு பொது மருத்துவரைப் பார்த்து ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, கொழுப்பு, இசிஜி ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். அவர் சொன்னால் டிரெட்மில் சோதனையும் செய்துகொள்ளுங்கள். சமதளத்தில் நீங்கள் விரும்பிய கணத்தில் வேகத்தைத் தளர்த்தலாம். ஏற்றத்தில் இதயம் நீண்ட நேரம் தளர முடியாமல் உழைக்கிறது. ஓட்டும்போது நெஞ்சில் அழுத்தமோ, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலியோ, தலைசுற்றலோ இதுவரை ஒருமுறை வந்திருந்தாலும் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். உங்கள் மனைவியின் பயத்துக்கு நியாயமான பதில் இந்தச் சோதனைகளின் முடிவுதான். அவரையும் உடன் அழைத்துப் போங்கள்.

இனி அந்த இரண்டாம் நாளுக்கு வருவோம். ஏரிக்கரைச் சாலை என்றால் தட்டையாக இருக்கும் என்று நீங்கள் எதிர்பார்த்ததில் தவறே இல்லை. நம் பக்கத்து ஏரிகள் அப்படித்தான். புழலும் சோழவரமும் தாழ்ந்த நிலத்தில் கரை எழுப்பி நீரைத் தேக்கிய ஏரிகள். மழைக்காலத்தில் தினமும் செய்தித்தாளில் வருகிறதே, புழலின் முழு ஆழம் 21.20 அடி என்று, அவ்வளவுதான் அதன் ஆழம். பழவேற்காடோ கடலோடு கலந்து கிடக்கும் ஆழமற்ற காயல். இவற்றின் ஓரத்தில் எத்தனை ஆண்டு ஓட்டினாலும் நிலம் மேடேறுவதை உங்கள் கால் அறியாது.

சுப்பீரியர் ஏரி வேறு வகை. அதன் அடித்தளம் நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன் நிலம் பிளந்து உண்டான பள்ளம். பிறகு பனிப்பாறைகள் அதைக் குடைந்து ஆழமாக்கின. அதிகபட்ச ஆழம் 406 மீட்டர், அதாவது 1,300 அடிக்கும் மேல். நீங்கள் போன பக்கத்தில் கரையும் பல இடங்களில் செங்குத்தாகத்தான் இருக்கும். கிழக்குக் கரையில் பழம்பாறை மேடுகள் நீர் வரை வந்து நிற்கின்றன. அவற்றை அறுத்துக்கொண்டு ஆறுகள் ஏரியில் விழுகின்றன. சாலை ஒவ்வோர் ஆற்றையும் கடக்க நீர்மட்டத்துக்கு அருகே இறங்கி, பாலத்தைத் தாண்டியதும் அடுத்த பாறை முகட்டுக்கு ஏற வேண்டும். இப்படி ஏறிச் சேர்த்த உயரம் முழுவதையும் அடுத்த ஆற்றில் இழந்துவிடுவீர்கள். நம் ஏற்காட்டுச் சாலை போல ஒரே ஏற்றமாக ஏறி முடித்து ஓய்வெடுக்கும் வாய்ப்பு அங்கே இல்லை. சூ செயின்ட் மேரியையும் வாவாவையும் இணைக்கும் சாலையே 1960-இல்தான் முழுமையாகத் திறக்கப்பட்டது. சாலை போடுகிறவர்களையே அத்தனை காலம் தடுத்து நிறுத்திய நிலம் அது. உங்கள் பயணத்தின் மிகக் கடினமான பகுதிகளில் ஒன்று இரண்டாம் நாளே வந்துவிட்டது.

இப்போது கணக்கு. நீங்களும் சைக்கிளும் சுமையும் சேர்ந்து 110 கிலோ. பழவேற்காட்டுச் சாலையில் காற்றில்லாத காலையில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போக உங்கள் கால்கள் தர வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 100 வாட். நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் ஏற்றத்தில், மணிக்கு 6 கி.மீ. என்ற நடை வேகத்தில் போகவே சுமார் 120 வாட் வேண்டும். அதே ஏற்றத்தை 10 கி.மீ. வேகத்தில் ஏறினால் 200 வாட் ஆகிவிடும். சமதளத்தில் செலவில் பெரும்பங்கு காற்றோடு. ஏற்றத்தில் கிட்டத்தட்ட முழுவதும் எடையைத் தூக்குவதில் போகிறது. வேகத்தைக் கூட்டினால் செலவும் அதே விகிதத்தில் கூடும்.

அப்படியானால் 6 கி.மீ. வேகத்தில் நிதானமாக ஏறியிருக்கலாமே என்று கேட்பீர்கள். உங்கள் சைக்கிள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. முன்னால் 34 பல், பின்னால் 28 பல் என்றால் பெடல் ஒரு முறை சுற்றும்போது வண்டி சுமார் இரண்டரை மீட்டர் முன்னே போகும். 6 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 39 சுற்றுதான் வரும். 65 சுற்றாவது இருந்தால்தான் முழங்காலுக்கு நிம்மதி. உங்கள் கியரில் 65 சுற்று வர வேண்டுமானால் 10 கி.மீ. வேகத்தில் ஏற வேண்டும். அதற்கு 200 வாட் வேண்டும். அன்றைய ஒவ்வோர் ஏற்றத்திலும் உங்கள் முன் இருந்தவை இந்த இரண்டு வழிகள் மட்டுமே: நெஞ்சு வெடிக்க 200 வாட் தருவது, அல்லது நின்றுவிடும் அளவுக்கு மெதுவாக, ஒவ்வொரு மிதியிலும் முழு எடையையும் முழங்காலில் போட்டு அழுத்துவது. மைத்துனர் கண்ணுக்குத் தெரிந்தவரை முதலாவதையும், பிறகு இரண்டாவதையும் செய்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்.

பின்னால் 36 பல் சக்கரமும் முன்னால் 26 பல் சக்கரமும் போட்டால் அதே 6 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 66 சுற்று கிடைக்கும். ஏறும் வேலை அதே 120 வாட்தான். ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் கால் தர வேண்டிய அழுத்தம் ஏறக்குறைய 40 சதவீதம் குறைகிறது. எத்தனை உடற்பயிற்சி செய்தாலும் சில மாதங்களில் உங்கள் தொடைக்கு அந்த 40 சதவீதத்தை என்னால் சேர்த்துத் தர முடியாது. ஒரு நல்ல மெக்கானிக் ஒரு பிற்பகலில் தந்துவிடுவார். பாரிமுனைப் பக்கத்து உதிரிபாகக் கடைகளுக்குப் போகும்போது செயின் வீல், பின்சக்கரப் பல்லடுக்கு இரண்டையும் மாற்ற வேண்டும் என்று சொல்லுங்கள். பின்னால் கியர் மாற்றும் கருவியின் கை அவ்வளவு பெரிய சக்கரத்துக்குப் போதுமா, செயின் நீளம் சரிதானா என்பதையும் அவரே பார்க்க வேண்டும். சமதளத்தில் உங்கள் உச்ச வேகம் சற்றுக் குறையும். போகட்டும். சுமை ஏற்றிய வண்டிக்கு அந்த வேகம் எதற்கும் பயன்படப் போவதில்லை.

சுமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 24 கிலோவில் 5 கிலோவைக் குறைத்தால் ஏற்றத்தில் உங்கள் வேலையில் சுமார் 5 சதவீதம் குறையும். குளிருக்கான உடையையும் மழைக்கோட்டையும் உணவையும் குறைக்காதீர்கள். இரண்டாவது ஜீன்ஸ், கனத்த துண்டு, ‘இருக்கட்டும்’ என்று எடுத்து வைத்தவை எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்.

அடுத்தது சாப்பாடு. இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கை நடுங்கியது, காரணமில்லாமல் கண்ணீர் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது மனம் உடைந்ததால் வந்த கண்ணீர் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பெரும்பாலும் அது ரத்தத்தில் சர்க்கரை இறங்கியதன் அடையாளம். தசையிலும் ஈரலிலும் நாம் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து 400 முதல் 500 கிராம் வரைதான் இருக்கும். அமைதியாக ஓட்டும்போது உடல் கொழுப்பையும் கலந்து எரிக்கிறது. மூச்சு வாங்க ஏறும்போது பெரும்பகுதி மாவுச்சத்தையே எரிக்கிறது. அது தீர்ந்து, வெளியிலிருந்தும் வராவிட்டால் கால் ஓய்வதோடு மூளையும் தடுமாறும். நடுக்கம், குளிர் வியர்வை, எரிச்சல், அழுகை, முடிவெடுக்க முடியாத நிலை எல்லாம் அதன் வரிசையில் வருபவை. அன்று யாராவது உங்கள் கையில் இனிப்பான ஏதாவதைக் கொடுத்து அரை மணி நேரம் உட்கார வைத்திருந்தால் உலகம் வேறு மாதிரி தெரிந்திருக்கும்.

நினைவில் நிற்க ஒரு கணக்கு சொல்கிறேன். உங்கள் 110 கிலோவை 100 மீட்டர் உயரம் ஏற்றுவதற்குச் சுமார் 108 கிலோஜூல் வேலை தேவை. நம் உடல் உண்ட உணவில் கால்பங்குக்கும் குறைவாகவே பெடலுக்கு அனுப்புகிறது. மீதி வெப்பமாகப் போய்விடுகிறது. அதனால் அந்த 100 மீட்டருக்கு ஏறக்குறைய 110 கிலோகலோரி செலவாகும். ஒரு நல்ல வாழைப்பழத்தில் இருப்பது கிட்டத்தட்ட அவ்வளவுதான். நூறு மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு வாழைப்பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட நேரம் ஓட்டுகிறவர்கள் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உட்கொள்ள வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. ஒரு வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கிறது. பேரீச்சம்பழம், கடலை மிட்டாய், ஜாம் தடவிய ரொட்டி, முந்தைய இரவே கட்டி வைத்த புளிச்சாதம் எதுவானாலும் சரி. புளிச்சாதத்தில் உப்பும் இருப்பதால் வியர்வையில் போனதற்கும் ஈடாகும். பசித்தபின் சாப்பிடலாம் என்று காத்திருக்காதீர்கள். புறப்பட்ட அரை மணியில் தொடங்கி, அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் வாயில் போடுங்கள். ஏற்றத்தில் மெல்ல முடியாது; ஆகவே இறக்கம் முடிந்து சமதளம் வரும் இடத்தில் சாப்பிடுங்கள். பொன்னேரியில் டீயும் பன்னும் கிடைத்துவிடும் என்ற பழக்கத்தில் அந்தச் சாலைக்குப் போகக் கூடாது. மாண்ட்ரியல் ரிவரைத் தாண்டினால் வாவா வரை கடைகள் அரிது. பெரும்பகுதி காட்டுப் பூங்காவுக்குள் போகிறது. ஒரு நாள் முழுவதற்குமான உணவையும் அதற்கு மேல் ஒரு வேளைக்கும் கையிலேயே வைத்திருக்க வேண்டும்.

முழங்காலுக்கு வருகிறேன். முன்பக்க வலி, படி இறங்கும்போது மட்டும் தெரிவது, அழுத்தி மிதித்த நாளில் தொடங்கியது எல்லாம் சேர்த்துப் பார்த்தால், முழங்கால் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையே அழுத்தம் கூடியதால் வந்த வலியாகத்தான் தெரிகிறது. நேரில் பார்க்காமல் உறுதி சொல்ல மாட்டேன். முழங்கால் வீங்கினாலோ, மடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ, நடக்கையில் திடீரென மடிந்துவிட்டாலோ, இரவில் தூக்கத்தைக் கெடுத்தாலோ காத்திருக்காமல் எலும்பு மருத்துவரிடம் போங்கள். இவை எதுவும் இல்லையென்றால் செய்ய வேண்டியது இரண்டு.

ஒன்று, சீட்டின் உயரம். வண்டியைச் சுவரில் சாய்த்து ஏறி உட்காருங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் முழுவதும் நேராக வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முழங்காலில் மெல்லிய மடிப்பு இருக்கும். சிக்னலில் தரையில் கால் ஊன்ற வசதியாக நம் ஊரில் பெரும்பாலானோர் சீட்டைத் தாழ்த்தியே வைத்திருக்கிறார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டுகிறவருக்கு அந்தப் பயம் நியாயமானது என்பதையும் அறிவேன். ஆனால் தாழ்ந்த சீட்டு முழங்காலை அதிகம் மடக்கவைத்து, சில்லின் மேல் அழுத்தத்தைக் கூட்டுகிறது. உயர்த்துவதானால் ஒரேயடியாக உயர்த்தாமல் வாரம் அரை சென்டிமீட்டராக உயர்த்துங்கள்.

இரண்டு, இடுப்பின் பக்கத் தசையையும் தொடையின் முன்தசையையும் வலுவாக்குவது. வலி முழங்காலில் இருக்கும்போது இடுப்பு எதற்கு என்று என்னிடம் வருகிறவர்கள் கேட்பதுண்டு. மிதிக்கும்போது தொடை உள்பக்கம் சாயாமல் பிடித்துக்கொள்வது அந்தத் தசைதான். அது தளர்ந்தால் சில்லு தன் தடத்திலிருந்து விலகி உராயும். பக்கவாட்டில் படுத்து மேல்காலை நேராக உயர்த்துவது; மல்லாந்து படுத்து, கால்களை மடித்து ஊன்றி, இடுப்பைத் தூக்கி நிறுத்துவது; நாற்காலி நுனியில் மெதுவாக உட்கார்ந்து எழுவது. வாரத்தில் மூன்று நாட்கள், ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு முறை வீதம் மூன்று சுற்று. ஒரு மாதம் கழித்து, ஒரு படியில் நின்றுகொண்டு மறுகாலை மெதுவாகத் தரைக்கு இறக்கிப் பழகுங்கள். பயிற்சியின்போது லேசான வலி வந்து மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் தொடரலாம். மறுநாளும் நீடித்தால் அளவைக் குறையுங்கள். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். இடையில் விட்டுவிடாதீர்கள்.

விரல்கள் மரத்தது உள்ளங்கையின் வெளி ஓரத்தில் ஓடும் நரம்பு ஹேண்டில்பாரில் நசுங்கியதால். உள்ளங்கையில் மெத்தை வைத்த கையுறை, அடிக்கடி பிடியை மாற்றுவது, ஹேண்டிலைச் சற்று உயர்த்துவது ஆகியவை பெரும்பாலும் போதும். இப்போதும் மரப்பு இருந்தால், பிடியில் பலம் குறைந்திருந்தால், உடனே காட்டுங்கள்.

மலை இல்லாத ஊரில் மலை ஏறப் பழகுவது பற்றி. வடசென்னையில் மலை இல்லையென்றாலும் எதிர்க்காற்று இருக்கிறது. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் முகத்தில் அடிக்கும் காற்றுக்கு எதிராக 15 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் சுமார் 125 வாட் வேண்டும். மேலே சொன்ன ஏற்றத்துக்கும் அதற்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். மார்கழியில் வடக்கிலிருந்து காற்று வரும்போது தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் நோக்கிப் போங்கள். கோடையில் பிற்பகல் கடற்காற்று எழுந்தபின் எண்ணூரிலிருந்து தெற்கே திரும்புங்கள். ஆனால் ஏப்ரல், மே மாதத்து வெயிலில் மாலை நான்கரைக்கு முன் வெளியே வராதீர்கள். அந்த நேரத்தில் பெடலை ஒரு கணமும் நிறுத்தாமல் இருபது நிமிடம் மிதிப்பதுதான் பயிற்சி. சமதளத்தில் உங்களை அறியாமலே நீங்கள் அடிக்கடி மிதிக்காமல் உருள்கிறீர்கள். ஏற்றத்தில் கால் நின்றால் வண்டியும் நின்றுவிடும். அன்று உங்களைக் களைக்கச் செய்தவற்றில் இந்த ஓய்வின்மையும் ஒன்று.

ஞாயிறு அதிகாலையில் மேம்பாலங்கள். மூலக்கடை, பெரம்பூர், பேசின் பிரிட்ஜ், மின்ட் என்று நம் பகுதியில் மேம்பாலங்களுக்குக் குறைவில்லை. ஐந்து மணிக்குப் போக்குவரத்து குறைவு. பின்னால் சிவப்பு விளக்கும் ஒளிரும் மேல்சட்டையும் இல்லாமல் போகாதீர்கள். ஒரே பாலத்தில் திரும்பத் திரும்ப ஏறி இறங்குவது சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஏறி, இறங்கி, உடனே மறுபடி ஏறுவது என்பது அந்த ஏரிக்கரைச் சாலையின் இயல்பு. இந்த வகையில் மேம்பாலம் பெரிய மலையைவிடவும் சரியான பயிற்சி. முதலில் வெறும் வண்டி, பிறகு பைகளில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பி 10 கிலோ, பிறகு 20. சீட்டிலிருந்து எழாமல் ஏறப் பழகுங்கள். சுமையோடு எழுந்து நின்று மிதித்தால் வண்டி ஆடும், இதயத் துடிப்பும் எகிறும். வேகம் சரியா என்று அறிய எந்தக் கருவியும் வேண்டாம். ஏறும்போது ஒரு திருக்குறளை, இரண்டு அடிகளையும், மூச்சுக்கு இடையில் நிறுத்தாமல் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் அந்த வேகத்தில் மணிக்கணக்கில் ஏறலாம். முதல் அடியோடு மூச்சு முட்டினால் கியரை இறக்குங்கள்.

பிப்ரவரி, மார்ச் வாக்கில் ஒரு முறையாவது ஏலகிரிக்குப் போய் வாருங்கள். சென்ட்ரலிலிருந்து ஜோலார்பேட்டைக்கு ரயில் இருக்கிறது; சைக்கிளைப் பார்சலில் ஏற்றலாம். அடிவாரம் பொன்னேரி, நம் பழவேற்காட்டுச் சாலைப் பொன்னேரி அல்ல, இது வேறு. அங்கிருந்து புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகள். மேலே புங்கனூரில் ஏரி. முழுச் சுமையோடு, புது கியரோடு, குறள் சொல்லும் வேகத்தில் ஏறுங்கள். மறுநாள் காலை இறங்கி மறுபடி ஒரு முறை ஏறுங்கள். இரண்டாம் நாள் ஏற்றத்துக்குப் பிறகும் முழங்கால் அமைதியாக இருந்தால் ஜூலை டிக்கெட்டை எடுக்கலாம். இல்லையென்றால் இன்னும் நேரம் இருக்கிறது, என்னிடம் வாருங்கள்.

இறங்குவதிலும் பழக்கம் வேண்டும். சுமை ஏற்றிய வண்டியில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் சூடேறும். விட்டுவிட்டுப் பிடியுங்கள்; வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். அந்த ஏரியின் நீர் கோடையிலும் குளிர்ந்தே இருக்கும். வியர்வையோடு முகட்டிலிருந்து இறங்கும்போது குளிர்காற்று முழங்காலை விறைக்கச் செய்து, அடுத்த ஏற்றத்தின் முதல் மிதியில் வலி தொடங்கும். முகட்டில் ஒரு நிமிடம் நின்று காற்றுத் தடுப்பு மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்குங்கள். சாலையின் ஓரம் பல இடங்களில் குறுகியது, பெரிய லாரிகள் போகும். அதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

நாள் திட்டத்தை மாற்றுங்கள். அந்த 115 கிலோமீட்டரை இரண்டு நாளாகப் பிரியுங்கள். வழியில் பூங்காவுக்குள் அகாவா விரிகுடாவிலும் ரேபிட் பிளாங்கெட் ஏரியிலும் முகாமிடங்கள் இருக்கின்றன. மலைநாட்டில் தூரத்தை வைத்து நாளை அளக்கக் கூடாது. ஏறும் உயரத்தையும் மணிநேரத்தையும் வைத்து அளக்க வேண்டும். மைத்துனரிடமும் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். ஏற்றத்தில் அவர் அவருடைய வேகத்தில் போகட்டும், முகட்டில் காத்திருக்கட்டும். உங்களைவிட 15 வயது இளையவரின் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே ஏறினால் நான் மேலே எழுதிய எல்லாக் கணக்கும் வீணாகும். மிகச் செங்குத்தான இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடங்கள். நடப்பவரின் வேகம் மணிக்கு நாலைந்து கிலோமீட்டர், மிதிப்பவரின் வேகம் ஆறு. நேரத்தில் பெரிய இழப்பு இல்லை, முழங்காலுக்கோ வேறு வகை அசைவில் ஓய்வு.

அவமானம் என்று எழுதியிருந்தீர்கள். ரத்தச் சர்க்கரை இறங்கி, கை மரத்து, லாரிகள் போகும் சாலையில் தள்ளாடிக்கொண்டு இன்னும் 45 கிலோமீட்டர் போயிருந்தால்தான் நான் உங்களைக் கடிந்துகொண்டிருப்பேன். உங்கள் மைத்துனர் வண்டியை நிறுத்தியது சரியான முடிவு. நீங்கள் ஏறிக்கொண்டதும் சரியான முடிவு.

மாத்திரை கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் நாள் முழுவதும் வியர்த்து நீர்ச்சத்து குறைந்த உடலில் சிறுநீரகத்துக்குக் கெடுதல் செய்யக்கூடும். வெறும் வயிற்றில் இரைப்பையையும் புண்ணாக்கும். அதைவிட முக்கியம், வலியை மறைத்துவிட்டு அதே அழுத்தத்தில் மிதித்தால் முழங்கால் தன் எல்லையைச் சொல்ல வழியே இல்லாமல் போய்விடும். ஓட்டும்போது வலி தொடங்கினால் முதலில் கியரைக் குறையுங்கள், பிறகு சீட்டைப் பாருங்கள், அதிலும் அடங்காவிட்டால் இறங்கி நடங்கள். மாலையில் முகாமில் வலி தாங்க முடியவில்லை என்றால் மட்டும், புறப்படும் முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிய மருந்தை, அவர் சொன்ன அளவில் சாப்பிட்ட பின் போட்டுக்கொள்ளலாம். அடுத்த நாள் அங்கேயே தங்கிவிடுங்கள்.